நண்டுக்கு உதடு கிடையாது

நாவல்வயல்,
திருமயம் தாலுகா.
9.2.2025

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

நான் கவியரசன். திருமயம் பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க ஊருக்கு மினி பஸ் ஓட்டுறேன். ஒங்களுக்கு என்னையத் தெரியாது. ஒங்க பேரு எனக்குத் தெரிஞ்ச கதைய மொதல்ல சொல்லிடுறேன்.

போன மாசம் புதுக்கோட்டையில ‘சேத்துக்குளம்’ கார்ட்டூன் படம் பாத்தோம். நானும் எம் பொஞ்சாதி வனிதாவும் மக பிரகதீஸ்வரியும். படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஈஸ்வரி மட்டும் சீட்ட விட்டு நகரல. கடைசியில ஓடுற பேரையெல்லாம் வாசிச்சுக் காட்டுன்னு ஒத்தக் கால்ல நின்னா. ‘தமிழ் வசனம்: மரிய செல்வி’ன்னு வந்துச்சு. “நண்டு பேசுனதெல்லாம் இவங்க எழுதுனதா?”ன்னா. ஆமாத்தான்னேன். “அப்ப இவங்களுக்கு லெட்டர் போடு”ன்னுட்டா. நாலாங் கிளாஸ்ல இப்பத்தான் லெட்டர் எழுதுற பாடம் நடக்குதாம். தியேட்டர் மேனேஜர் கையக் காலப் பிடிச்சு, போஸ்டர் வந்த ஆபீஸ் விலாசத்த வாங்கி எழுதுறேன்.

நன்றி சொல்லத்தான் மேடம். எம் மக வீட்டுக்குள்ள ஓயாமப் பேசுவா. வாசப்படியத் தாண்டிட்டா ஒரு வார்த்த வராது. பள்ளிக்கூடத்துல நாலு வருசமா டீச்சர் என்ன கேட்டாலும் தலைய ஆட்டுறதோட சரி. பெஞ்சுல பக்கத்துல இருக்கிற ஜாஸ்பின்கிட்ட மட்டும் காதுக்குள்ள பேசுவா. இது நோயில்ல, பயம், அவளா ஒரு நாளைக்கு வாயத் தொறப்பா, அவசரப்படுத்தாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஊருல அதுக்கு வேற பேரு வச்சிருக்காங்க. அத இங்க எழுத மாட்டேன்.

அந்தப் பிள்ள இப்ப வாசல்ல நின்னு படத்துல வர்ற அந்தப் பொட்டுங்கிற நண்டு மாதிரியே பேசுறா. கோழிகிட்டப் பேசுறா. நேத்து பால்காரர்கிட்ட, “இங்கிட்டு வாங்க, அங்கிட்டுச் சேறு”ன்னா. அவரு கேனக் கீழ வச்சிட்டு என்னையப் பாத்தாரு. நான் உள்ள போயிட்டேன். கண்ணு கலங்கிருச்சு, அதான்.

எங்க ஊரு பேச்ச ஒரு வெளிநாட்டு நண்டு பேசுதேன்னு தியேட்டர்லயே எனக்குப் பெருமை. தண்ணியில எறங்க விடுறதுக்கு நாரைத் தலைவரு ரெண்டு தடவ றெக்கையத் தூக்குறப்ப பொட்டு கேக்குமே, “கொளம் ஒண்ணுதான? அப்பறம் எதுக்கு ரெண்டு தடவ தூக்குறீங்க?”ன்னு. அதுக்கு மொதல்ல கை தட்டுனது நான்தான்.

ஒங்களுக்கும் ஒங்க குடும்பத்துக்கும் ஆத்தா பிரகதாம்பாள் தொணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
கவியரசன்

ஈஸ்வரி கேக்கச் சொன்னா: நண்டுக்குப் பேசுன பிள்ளைக்கு என்ன வயசு?


வளசரவாக்கம், சென்னை.
20.2.2025

அன்புள்ள கவியரசன் அண்ணனுக்கு,

அண்ணன்னு எழுதிட்டேன். நானும் நம்ம பக்கம்தான், ஆவூர்ப் பக்கம். மேடம்னு கூப்பிட்டா யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு.

ஒன்பது வருசமா டப்பிங் வசனம் எழுதுறேன். எனக்கு வந்த முதல் கடிதம் உங்களோடது. ஆபீஸ்ல கொண்டாந்து குடுத்தப்ப ஏதோ வக்கீல் நோட்டீஸ்னு நெனச்சுப் பயந்துட்டேன். நாலு தடவ படிச்சாச்சு. பால்காரர் கேனக் கீழ வச்ச இடம் வந்தா ஒவ்வொரு தடவையும் நானும் நின்னுடுறேன். நன்றி அண்ணே. இந்த வேலையில நம்ம பேரு ஓடுறப்ப ஜனங்க செருப்பத் தேடிக்கிட்டு இருப்பாங்க. உங்க மக உக்காந்து வாசிக்கச் சொல்லியிருக்கா. அவளுக்கு நான் கடன்பட்டவ.

ஈஸ்வரி கேள்விக்குப் பதில்: நண்டுக்குப் பேசுன பிள்ளைக்கு வயசு ஐம்பத்தி நாலு. பேரு அமிர்தவல்லி அம்மா. பேரன் பேத்தி எடுத்தவங்க. ரெக்கார்டிங்ல செருப்பக் கழட்டிட்டு, ரெண்டு கையையும் கொடுக்கு மாதிரி வச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க.

நம்ம பேச்சப் பத்தி எழுதியிருந்தீங்க. நாரைக்கெல்லாம் சுத்தத் தமிழ் போடு, தவளை நண்டுக்கெல்லாம் பட்டிக்காட்டுத் தமிழ் போடு, சிரிப்பு வரும்னு சொன்னாங்க. நான் நாரையையும் ‘வாரேன் போறேன்’னே பேச விட்டுட்டேன். கொஞ்சம் சண்டை நடந்துச்சு. ஜெயிச்சிட்டேன்.

என் நம்பர் கீழ இருக்கு. ஈஸ்வரிக்குப் பேசத் தோணுனா பேசட்டும், தோணாட்டி வேணாம்.

அன்புடன்,
மரிய செல்வி


நாவல்வயல்.
18.3.2025

மரிய செல்வி அவர்களுக்கு,

நம்பர் குடுத்திருந்தீங்க. போன்ல பேசுனா எனக்குக் கெட்ட வார்த்த வந்துரும். அதான் எழுதுறேன்.

நீங்க ஆவூர்ப் பக்கம்னா கண்மாய் வத்துனா மீன்பிடித் திருவிழா வைக்கிறது தெரியாம இருக்காது. எங்க ஊருல ரெண்டு துண்டு. கண்மாய்த் தண்ணி வழியுற கலுங்கு மேல நின்னு மொதத் துண்டு வீசுனா எங்க தெருவும் சுத்துப்பட்டு ஒறவுமொறையும் எறங்கும். முக்கா மணி நேரம் கழிச்சு ரெண்டாந் துண்டு. அதுக்குக் கீழத்தெரு எறங்கும். துண்டு வீசுறது எங்க வீட்டுப் பாத்தியம். எங்கப்பா கண்ணுசாமி போன ஐப்பசியில தவறிட்டாரு. இந்த வருசம் துண்டு எங் கைக்கு வருது.

போன ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல ஊர்க்கூட்டம். சித்திரையில தேதி வைக்கணும். எங்கப்பா உக்காந்த எடத்துல நான் மொத தடவையா உக்காந்திருக்கேன். ஈஸ்வரி எம் மடியில. தேதி முடிவாகி எல்லாரும் எந்திரிக்கப் போறப்ப இவ எந்திரிச்சு நின்னா. பொட்டு நண்டு கொரல்ல, ஊரே கேக்க, “கொளம் ஒண்ணுதான? அப்பறம் எதுக்கு ரெண்டு துண்டு? நானும் ஜாஸ்பினும் ஒண்ணா எறங்குறோம்”னா.

ஜாஸ்பின் கீழத்தெருப் பிள்ள.

மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா என்னையத் திரும்பிப் பாத்தாங்க. எங்க சித்தப்பா அய்யாக்கண்ணு, “ஊமைன்னு நெனச்சோம், அப்பன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்”னாரு. அங்கன எனக்குத் தலைய எங்க கொண்டு வைக்கிறதுன்னு தெரியல.

அன்னைக்கிருந்து ஈஸ்வரி பேசல. வெளியில இல்ல, வீட்டுக்குள்ளயும் பேசல. அவ அம்மாகிட்டயும் பேசல. வந்த பேச்சும் போச்சு.

சின்னப் பிள்ளைக படத்துல எதுக்கும்மா இந்த அரசியல்? நண்டு ஓடுச்சா, விழுந்துச்சா, சிரிச்சோமான்னு விட வேண்டியதுதான? வெளிநாட்டுக்காரன் என்னத்தையோ எடுக்குறான்னா தமிழ்ல நல்லதா மாத்தி எழுத மாட்டீங்களா? நன்றின்னு எழுதுன கையாலதான் இதையும் எழுதுறேன்.

கவியரசன்


சென்னை.
26.3.2025

அண்ணனுக்கு,

உங்க கோவம் நியாயம். ஆனா திட்ட வேண்டியது வெளிநாட்டுக்காரன இல்ல, என்னை.

இந்தக் கடிதத்தோட ஒரு தாள் வச்சிருக்கேன். டப்பிங் ஸ்கிரிப்ட்ல நாற்பத்தோராம் பக்கம். பொட்டு பேசுற இடத்துல பென்சில்ல எழுதியிருக்கிறது என் கையெழுத்து. மூலப் படத்துல அந்த வசனம் கிடையாது. அங்க நாரை முதல் தடவ றெக்கையத் தூக்கும், நாரையெல்லாம் தண்ணி குடிக்கும். நண்டு பேசாமக் காத்திருக்கும். இரண்டாவது தடவ தூக்குனதும் கும்பிடு போட்டுட்டு இறங்கும். பொறுமையா இருந்த நண்டுன்னு நாரை அதுக்கு ஒரு தாமரை இலையப் பரிசாக் குடுக்கும். அவ்வளவுதான்.

ஒரு விஷயம் சொல்றேன். மனுஷங்க பேசுற காட்சியில வாயசைவுக்குச் சரியா வசனம் உக்காரணும். ‘ப’வுக்கு உதடு ஒட்டணும். ஒரு எழுத்து கூட்ட முடியாது. நண்டுக்கு உதடு கிடையாது. அது எந்த நேரமும் வாயப் பிளந்துக்கிட்டுத்தான் நிக்கும். அதனால நண்டு வாயில நாம என்ன வேணாலும் வைக்கலாம், எவனுக்கும் தெரியாது. நான் வச்சேன்.

ஏன் வச்சேன்னா, எங்க பக்கத்துலயும் ஒரு கண்மாய் இருந்துச்சு. அங்கயும் ரெண்டு துண்டு. நாங்க காலனிச் சனம், ரெண்டாந் துண்டு. எங்கப்பா சந்தனசாமி மீன் பிடிக்கிற ஊத்தாக்கூடையத் தலையில கவுத்துக்கிட்டுக் கரையில நிப்பாரு. நான் அவரு வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எங்களுக்கு முன்னாடி எறங்குனவங்க விராலும் கெண்டையுமாச் சாக்குல அள்ளிக்கிட்டுக் கரையேறுவாங்க. எங்களுக்குத் துண்டு விழுறப்ப தண்ணி சேத்துக்குழம்பா இருக்கும். விரலளவு கெளுத்தி ரெண்டு கிடைக்கும், அதுவும் கையக் குத்திட்டுத்தான் கிடைக்கும். எட்டு வயசுல நான் அப்பாகிட்ட எதுக்கு ரெண்டு துண்டுன்னு கேக்க நெனச்சேன். கேக்கல. அவரு மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணல. ஸ்டுடியோவுல அந்த நாரை றெக்கையத் தூக்குனதும் எனக்கு அந்தத் துண்டுதான் தெரிஞ்சுச்சு.

சின்னப் பிள்ளைக படத்துல அரசியல் எதுக்குன்னு கேட்டீங்க. காத்திரு, கும்பிடு, இலை தருவேன்னு மூலப் படத்துல சொன்னதும் அரசியல்தான் அண்ணே. அது பழகிப்போனதால நம்ம கண்ணுல படல. என்னோடது படுது. தியேட்டர்ல மொதல்ல கை தட்டுனது நீங்கதான்னு எழுதியிருந்தீங்க. குளம் திரையில இருந்துச்சு, தட்டுனீங்க.

இதையெல்லாம் வீராப்பா எழுதிட்டேன். குளிர்சாதன அறையில உக்காந்து நண்டு வாயில வசனம் வைக்கிறது லேசு. அது ஒரு பிள்ளை வாயில ஏறி, ஒரு ஊர்க்கூட்டத்துல போய் நிக்கும்னு நான் நெனைக்கல. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன். வசனத்துக்குக் கேக்கல. ஈஸ்வரிக்குக் கேக்குறேன்.

ஒண்ணு மட்டும் கேக்கலாமா? ஒரு வசனம் பேசுனதுக்கு ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளயும் பேசாமப் போகுமா? அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு?

மரிய செல்வி


நாவல்வயல்.
3.4.2025

தங்கச்சி,

அடிச்சேன்.

கூட்டத்துல எல்லாரு முன்னாடியும். கன்னத்துல. அவ பொறந்ததுலருந்து எங் கை அவ மேல பட்டதில்ல. நாலு வருசமா எம் மக நாலு பேரு முன்னாடி ஒரு வார்த்த பேசிற மாட்டாளான்னு நேந்துக்கிட்டது நான். பேசுனா. முழுசா, திக்காம, எடுப்பாப் பேசுனா. அதுக்கு நான் அவளுக்குக் குடுத்தது அந்த அறைதான். போன லெட்டர்ல இத எழுதாம விட்டேன். எழுதுனா யாரு மேல கோவப்படுறதுன்னு கொழம்பிரும்ல.

வனிதா எங்கிட்ட, “நீ மினி பஸ்ஸத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத ஆளு”ன்னா. ரெண்டு வாரமாச்சு, அதுக்கு மேல அவளும் பேசல.

ஒங்கப்பா கரையில நின்னத நான் பாத்திருக்கேன். ஒங்கப்பாவ இல்ல, எங்க ஊரு கரையில. எங்கப்பாவோட கலுங்கு மேல நின்னு வருசா வருசம் பாத்திருக்கேன். கண்ணு போகும், மனசு போகாது. ஜாஸ்பினோட அப்பன் டேவிட் எங்கூட எட்டாப்பு வரைக்கும் படிச்சவன். அவனும் அங்கதான் நிப்பான். என் பஸ்ல தெனம் ஏறுறான், எறங்குறான், சிரிக்கிறான். நாங்க இதப் பேசுனதே இல்ல.

நீங்க அனுப்புன தாள ஈஸ்வரிகிட்டக் குடுத்தேன். பென்சில் எழுத்த வெரலால தடவிப் பாத்தா. பொஸ்தகத்துக்குள்ள வச்சுக்கிட்டா. பேசல.

சித்திரை பதினாலு, ஏப்ரல் இருவத்தேழு, ஞாயித்துக்கெழம மீன்பிடி. ரெண்டு துண்டையும் வனிதா வெளுத்து மடிச்சு வச்சிட்டா. நான் ஒண்ணோட நிறுத்துனா சித்தப்பா சும்மா இருக்க மாட்டாரு. ரெண்டையும் வீசுனா எம் மக மூஞ்சியில நான் முழிக்க முடியாது. ஒங்களுக்குத்தான் எழுத்து வருமே. அன்னைக்கு நான் என்ன சொல்லணும்னு எழுதி அனுப்புங்களேன்.

கவியரசன்


சென்னை.
10.4.2025

அண்ணே,

அடிச்சத எழுதுனதுக்கு நன்றி. எழுதாமலே இருந்திருக்கலாம். உங்க பிள்ளைக்காக, யார்னே தெரியாத என்கிட்ட நீங்க உண்மை பேசுனீங்க.

உங்களுக்கு நான் வசனம் எழுத முடியாது. நண்டுக்கு எழுதலாம். உங்களுக்கு உதடு இருக்கு.

டேவிட் உங்க பஸ்லதான் தெனம் வர்றாருன்னு எழுதியிருக்கீங்க. அவருகிட்டப் பேசிப் பாருங்க. அத விட்டா எனக்குச் சொல்லத் தெரியல.

ஈஸ்வரிகிட்ட, அமிர்தவல்லி அம்மா கேட்டதாச் சொல்லுங்க. அவங்களும் சின்ன வயசுல வெளியில பேச மாட்டாங்களாம். எனக்கே நேத்துத்தான் சொன்னாங்க.

செல்வி


நாவல்வயல்.
28.4.2025

தங்கச்சி செல்விக்கு,

கையெல்லாம் சேத்து நாத்தம் இன்னும் போகல. இருந்தாலும் ஒனக்கு எழுதிட்டுத்தான் படுக்கப் போறேன். ‘ஒனக்கு’ன்னு வந்துருச்சு, கோச்சுக்காத.

டேவிட்டுகிட்டப் பேசுனேன். திருமயம் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்தி, ஆளெல்லாம் எறங்குனப்பறம் சொன்னேன், ஒரே துண்டு வீசப் போறேன், நீங்களும் எறங்குங்கன்னு.  “ஒஞ் சித்தப்பன் எங்கள அடிப்பான், நீ பஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போயிருவ”ன்னான். அவன் சொன்னதுல என்ன தப்பு? மொதல்ல நான் எறங்குறேன், அப்பறம் எறங்குன்னேன். பாப்போம்னான்.

நேத்து விடிஞ்சதும் கலுங்குல சாமி கும்பிட்டாச்சு. இங்கிட்டு எங்க ஆளுக, அங்கிட்டுக் கீழத்தெரு. எங் கையில ஒரு துண்டுதான். சித்தப்பா கேட்டாரு, “இன்னொண்ணு எங்கடா?” “வீட்டுல இருக்கு. இந்த வருசம் ஒண்ணுதான்”னேன். பெருசாப் பேசணும்னு எத்தனையோ ராவா யோசிச்சு வச்சிருந்தேன். அவ்வளவுதான் வந்துச்சு. “கண்ணுசாமி இருந்தா ஒன்னைய இங்கனயே வெட்டியிருப்பாரு”ன்னாரு. இருக்கலாம். வீசிட்டேன்.

எங்க ஆளுக எறங்குனாங்க. அங்கிட்டு ஒருத்தரும் அசையல. நானும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கி, இடுப்பளவு தண்ணியில நின்னு டேவிட்டக் கூப்புட்டேன். எல்லாருக்கும் ஒரே துண்டுதான் வாங்கன்னு கத்துனேன். நிக்கிறாங்க. முறைச்சுக்கிட்டு இல்ல, சும்மா நிக்கிறாங்க. துண்டு வீசியாச்சு, ஆனா அவங்க காலுக்குத் தெரிஞ்சது ரெண்டாந் துண்டு மட்டும்தான். சித்தப்பா கரையில இருந்து சிரிச்சாரு பாரு, அந்தச் சிரிப்பு எனக்குச் சாகுற வரைக்கும் மறக்காது. “அவனுகளுக்கே வேணாமாம்டா”ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. இவ்வளவு நாளு நிக்க வச்சுட்டு இன்னைக்கு வாங்கன்னா எப்பிடி வருவாங்க?

அப்பத்தான் கலுங்கு மேலருந்து ஒரு கொரலு.

“ஏ ஜாஸ்பினு, எறங்குடி. தண்ணி கலங்குது.”

நண்டுக் கொரலு இல்ல செல்வி. எம் மக கொரலு. நாப்பத்திரண்டு நாளுக்கப்பறம். கண்மாய் முழுக்கக் கேட்டுச்சு.

ஜாஸ்பின் பாவாடையச் சுருட்டிக்கிட்டு ஓடி வந்து குதிச்சா. புள்ளையப் பிடிக்க டேவிட்டு குதிச்சான். அவன் பின்னாடி அவம் பொஞ்சாதி. அப்பறம் யாரு மொதல்ல, யாரு பின்னன்னு எனக்குத் தெரியாது. ஈஸ்வரி எப்ப எறங்குனாளோ, என் வேட்டியப் பிடிச்சு இழுத்து, “அப்பா, அங்கிட்டு”ங்கிறா. எங்கிட்டத்தான் பேசுறா. நான் மீனு பிடிக்கல. அவளத் தூக்கி வச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன். மன்னிச்சிருத்தான்னேன். “சரி, தள்ளு, மீனு போகுது”ன்னா.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனச்சுராத. எங்க ஆளுகள்ல பாதிப் பேரு வலைய ஒதறிக்கிட்டு ஏறிட்டாங்க. வர்ற வருசம் துண்டு சித்தப்பா வீட்டுக்குப் போயிருச்சு, நேத்து ராவே கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. நேத்துருந்து என் பஸ்ல ஏறாம நடந்து போறவங்களும் இருக்காங்க. எங்கப்பா பாத்தியத்த ஒரே வருசத்துல தொலைச்சவன் நானு. ஆனா எம் மக பேசுறா. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல டீச்சர் பேரு கூப்புட்டப்ப “உள்ளேன் டீச்சர்”னாளாம். டீச்சர் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க.

ஒனக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. மொத லெட்டர்ல சொன்னது படத்துக்கு. இது வேற.

அண்ணன்,
கவியரசன்


ஆவூர்ப் பக்கமிருந்து.
6.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்க கடிதம் வந்ததும் லீவு போட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. கண்ணு சரியாத் தெரியாது. நேத்துக் காலையில வேப்ப மரத்தடியில கட்டில்ல உக்கார வச்சு உங்க கடிதத்த முழுசா வாசிச்சுக் காட்டுனேன். கீழத்தெரு எறங்காம நின்ன இடத்துல, “நிக்கத்தான செய்வான், எப்பிடி எறங்குவான்”னாரு.  முடிச்சதும் ஈஸ்வரி கூப்பிட்ட இடத்த இன்னொரு தடவ வாசிக்கச் சொன்னாரு.

எட்டு வயசுல கேக்காத கேள்விய நேத்து அப்பாகிட்டக் கேட்டேன்.  என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீ அப்பவே கேட்டிருக்கலாம்லன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். ரொம்ப நாளைக்கப்பறம் எங்க வீட்டுல அந்தக் கண்மாயப் பத்திப் பேசுனோம். அதுக்கு நன்றி. நீங்க தொலைச்சது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும் அண்ணே.

அப்பா உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. கடிதத்துல அத நீங்க எழுதலையாம். “என்ன மீனு கெடச்சுச்சாம்?”

செல்வி


தபால் கார்டு
நாவல்வயல், 12.5.2025

அய்யா சந்தனசாமி அவர்களுக்கு வணக்கம்.

விரால். முழங்கை நீளம். ஜாஸ்பின் பிடிச்சது, ஈஸ்வரி வாலப் பிடிச்சிருந்தா. டேவிட் வீட்டுல கொழம்பு வச்சாங்க, நாங்க போயிச் சாப்புட்டோம். டேவிட்டும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க, அவன் வீட்டுல எங் கை நனைஞ்சது இதுதான் மொத தடவ.

துண்டு இனி யாரு வீசுனாலும் மொதத் துண்டுக்கே எறங்குறதாக் கீழத்தெருவுல பேசி முடிச்சிட்டாங்க. வர்ற வருசம் செல்வியோட நீங்க வரணும். ஊத்தாக்கூடைய மறக்காமக் கொண்டாங்க. எங் கையப் பிடிச்சுக்கிட்டு எறங்கலாம், தண்ணி தெளிவா இருக்கும்.

இதுல மீன் கதைய ஈஸ்வரி சத்தமாச் சொல்லச் சொல்ல, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதுனேன். நாலஞ்சு பேரு நின்னு கேட்டுட்டுப் போனாங்க.

கவியரசன்